குழாய்மேல் பதினோரு உறைகள்

ஆர்டித் டோல்மனின் கோழிக்கொட்டகையைச் சுற்றி வந்தால் எலிம் ஊரின் முப்பது வருட அரசியலும் தெரிந்துவிடும். தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் சாலையோரம் நட்டிருக்கும் பிளாஸ்டிக் விளம்பர அட்டைகளைப் பிடுங்கிவந்து, கூரைக்கும் சுவருக்கும் வைத்து ஆணி அடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மழை ஒழுகாது, வெயில் தாங்கும், காசும் கிடையாது. ஜெயித்தவன் அட்டை, தோற்றவன் அட்டை என்று கோழிகள் பேதம் பார்ப்பதில்லை. உள்ளூர்ப் போலீஸ் தலைவரான ஷெரீப் பதவிக்கு மூன்று முறை நின்று மூன்று முறையும் மண்ணைக் கவ்விய ஒருவரின் சிரித்த முகம் மட்டும் தலைகீழாக இருக்கும். ஆர்டித்தின் கணவர் டெல்வின் அவசரத்தில் அப்படி அடித்துவிட்டார். "நேரா நின்னப்பவே அவரால ஒன்னும் ஆகல, இப்படியே இருக்கட்டும் விடுங்க" என்று ஆர்டித் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. அதில் இருபத்திரண்டு வருடம் தபால் வண்டியில் கழிந்திருந்தது. சாலையோரத் தபால் பெட்டிகளுக்குக் கை எட்டுவதற்காக வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த பழைய ஜீப். காலையில் எலிம் தபால் நிலையத்தில் பையை ஏற்றிக்கொண்டு, செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் ஏழு மைல் போய், டன்னர் ஓடையில் இறங்கி ஏறினால் மேடு. அங்கே வரிசையில்லாமல் நிற்கும் பதினைந்து வீடுகள், பாதிக்கு மேல் சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகள். அங்கே தபால் போட்டுவிட்டு, அங்கிருந்து தபால் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவாள். ஓடையில் வருடத்தில் முந்நூற்று ஐம்பது நாள் மணல்தான் ஓடும். மிச்ச நாள் என்ன ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது.

சேர்ந்த புதிதில் பையில் கடிதங்கள் இருந்தன. பிறகு விளம்பரப் புத்தகங்கள் வந்தன. அதற்குப் பிறகு பெட்டிகள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் காற்றடைத்த உறை, அதற்குள் கட்டைவிரல் நீளத்தில் ஒரு சாமான். பாறையும் புல்லும் பல்லியும் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் மனிதர்களுக்கு இவ்வளவு என்னதான் தேவைப்படுகிறது என்று அவளுக்கு எரிச்சல் வரும். ஆனால் அவளும் சளைத்தவள் இல்லை. நாற்பது வருடமாகக் கூரைமேல் வலை விரித்து ஆப்ரிகாட் பழம் உலர்த்தியவள், விளம்பரத்தைப் பார்த்து மின்சாரத்தில் உலர்த்தும் இயந்திரம் ஒன்றை வரவழைத்தாள். ஆகஸ்ட் வெயில் ஓசியாக அடித்துக்கொண்டிருக்கும்போதே அதைச் செருகி ஓட்டினாள். வீட்டுக்குள் உட்கார்ந்து மோட்டார் இரைவதைக் கேட்ட டெல்வின், "வெயிலுக்கு ஓய்வு குடுத்துட்ட, புண்ணியம்" என்றார். மறுவாரம் அது பரணுக்குப் போய்விட்டது. அங்கே ஏற்கெனவே இரண்டு ரொட்டி சுடும் இயந்திரங்கள் அதற்காகக் காத்திருந்தன.

அவளை நிஜமாகவே உறுத்தியது ஒரே ஒரு சரக்கு. மேட்டில் கொரீன் என்ற பெண்ணின் வீட்டுக்கு மாதம் இரண்டு முறை தண்ணீர் பாட்டில்கள் தபாலில் வரும். ஆயிரம் மைலுக்கு அப்பால் எங்கோ நிரப்பிய தண்ணீர். கொரீனுக்கு மூன்று குழந்தைகள், நெடுஞ்சாலை விடுதியில் அறை துடைக்கும் வேலை. குளிக்கவும் துவைக்கவும் பிக்கப் வண்டியில் தொட்டி கட்டி இருபது மைல் போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடித்துச் சின்னவனுக்கு வயிறு கெட்டதிலிருந்து குடிப்பதற்கு மட்டும் பாட்டில். முதல் தடவை அந்தப் பெட்டியைத் தூக்கியபோது ஆர்டித்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மனத்திலும் ஒன்று பிடித்துக்கொண்டது. கொரீன் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் கூப்பிடு தூரத்தில் ஊற்று இருக்கிறது. பாறை இடுக்கிலிருந்து என்றைக்கும் வற்றாமல் வருகிற தண்ணீர். அது ஒரு இரும்புக் குழாயில் விழுந்து, மேட்டு வீடுகளுக்குப் பின்னாலேயே ஓடி, ஓடையைத் தாண்டி எலிமுக்குப் போகிறது. ஊற்று மேட்டில் இருந்தது. உரிமை ஊரில் இருந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் எழுதிய பத்திரம் அப்படி.

அந்தத் தண்ணீரில்தான் டோல்மன் வீட்டு நூற்று நாற்பது ஆப்ரிகாட் மரங்களும் நின்றன. எலிமில் கடிகாரத்தைத் தண்ணீர்தான் ஓட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் வாய்க்கால் முறை உண்டு. டோல்மன் வீட்டுக்கு வியாழக்கிழமை மதியம் இரண்டு முதல் எட்டு வரை ஆறு மணி நேரம். கல்யாணமோ சாவோ, அந்த நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர் மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். மடைகளைத் திறந்து அடைக்கிற பொறுப்பு ஓரினுடையது. ஆர்டித்தோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஒரே தேவாலயத்துக்குப் போகிறவன், சிடுமூஞ்சி, முப்பது வருடமாக அந்த வேலையில் ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகவிடாதவன்.

அந்த வருடம் ஒரு கம்பெனி வந்தது. பள்ளத்தாக்கின் வாயில் சொகுசு விடுதியும் அதற்குள்ளேயே கடைவீதியும் கட்டப்போவதாகச் சொன்னது. அதற்கு ஊற்றுத் தண்ணீரில் பாதி வேண்டும். கொடுத்தால் வேலை கிடைக்கும், மேட்டு வீடுகளுக்கும் தனிக் குழாய் போட்டுத் தருவோம் என்றது. கொடுப்பதா வேண்டாமா என்று ஆகஸ்டில் ஓட்டெடுப்பு, மேட்டுக்காரர்களுக்கும் அதில் ஓட்டு உண்டு. நூற்று முப்பது ஓட்டுகூடத் தேறாத இடத்துக்கு, வீட்டுக்குத் தினம் இரண்டு என்று வழவழப்பான விளம்பரத் தாள்கள் தபாலில் வந்தன. ஒரு தாளில் தண்ணீர் பொங்கும் குழாயடியில் குழந்தைகள் சிரித்தார்கள். அடுத்த தாளில் காய்ந்த மரத்தடியில் ஒரு கிழவர் தலையில் கைவைத்திருந்தார். அந்தக் குழந்தைகளும் கிழவரும் இந்தப் பக்கத்து ஆட்களே இல்லை. இரண்டையும் சுமந்துபோய்ப் போட்டவள் ஆர்டித். மக்கள் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குப்பையில் போட்டார்கள். அந்தக் குப்பையையும் ஊரே கூடித்தான் நாற்பது மைல் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

டெல்வின் முழங்கால் வலியோடு வீடு வீடாக நடந்தார். 'நம் தண்ணீர் நம் வாய்க்காலில்' என்ற பச்சை அட்டையைத் தன் கையாலேயே வாசலில் நட்டார். மரங்களை எல்லாம் அவர்தான் கன்றாக வைத்தவர். ஆர்டித்தும் வேண்டாம் என்றே ஓட்டுப் போட்டாள், சஞ்சலமில்லாமல். மேட்டின் மேல் இரக்கம் இருந்தது. இரக்கத்துக்காக மரத்தைக் கொடுக்க முடியுமா?

ஓட்டெல்லாம் தபாலில்தான். தேர்தலுக்கு முந்தின நாள் தபால் முத்திரை விழுந்தால் கணக்கில் வரும், இல்லாவிட்டால் அந்த ஓட்டு கிடையாது. ஊர்க்காரர்கள் வாரக்கணக்கு முன்பே போட்டுவிட்டார்கள். மேட்டுக்காரர்கள் போடவில்லை. குழாய் வாக்குறுதியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் ஓட்டு என்று கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை கம்பெனியைக் காக்கவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் உறைகளை நாக்கால் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஆர்டித் எப்படியும் வருவாள், எப்படியும் கொண்டுபோய்ச் சேர்ப்பாள் என்ற நம்பிக்கை. இருபத்திரண்டு வருடத்தில் அவளே வளர்த்துவிட்ட நம்பிக்கை அது.

"பதினொன்னு இருக்கு, எண்ணிக்கோங்க ஆர்டித்தம்மா" என்றாள் கொரீன். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "உங்க வாசல்ல பச்சை அட்டை நட்டிருக்குன்னு தெரியும். கோவமா?"

"எனக்கு இடுப்பு வலி. கோவத்துக்கு நேரமில்லை" என்று ஆர்டித் உறைகளைப் பைக்குள் போட்டாள்.

வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. ஆனால் ஓடைக்கு வந்தபோது ஓடை இல்லை. எங்கோ மலைமேல் பெய்த மழை, செம்மண் குழம்பாக, மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு, கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. ஜீப்பைத் திருப்பி மேட்டு விளிம்பில் நிறுத்தினாள். அங்கே எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிட்டுப் பாறை நிழலில் உட்கார்ந்தாள். கல் வெளியே தெரிந்தால் வெள்ளம் வடிகிறது என்று அர்த்தம். கொண்டுவந்த ரொட்டியைத் தின்று முடித்தாள். கல் முழுகிவிட்டது.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வந்தது என்று சொல்வதும் சரியில்லை, காலையிலிருந்தே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்த நினைப்பு. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். வெள்ளம் வந்தது என்றால் தபால் இலாகா ஒரு கேள்வி கேட்காது. பதினோரு உறைகளும் நாளைக்குப் போகும்; போய் என்ன? மரங்கள் பிழைத்துவிடும். டெல்வின் பிழைத்துவிடுவார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், பிறகு தள்ளி வைத்தாள், மறுபடி எடுத்தாள். இரண்டு மணி ஆனது. தபால் நிலையம் நான்கு மணிக்கு மூடிவிடும்.

அரை மைல் மேலே அந்த இரும்புக் குழாய் ஓடையைத் தாண்டுகிறது. கம்பிவடத்தில் தொங்கும் குழாய், மேலே ஒற்றைப் பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஊர்ப்பக்க முனையில் இரும்புக் கதவு, பூட்டு. ஓரினைத் தவிர வேறு யாரும் அதில் நடப்பதில்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் குழாய்க்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று அவன் வந்து பார்ப்பான், இன்றைக்கும் வந்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்திருக்கத் தெரியாமல்தான் எழுந்தாள். பெரிய தர்மம் எதுவும் மனத்தில் இல்லை. முழுகிப்போன கல்லையே பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு பலகையில் கால் வைத்தாள். கீழே வெள்ளம் இரைந்தது. காலுக்கடியில் குழாய்க்குள் ஊற்றுத் தண்ணீர் ஓடுவது உள்ளங்காலில் அதிர்ந்தது. வியாழக்கிழமை அவள் மடைக்கு வரவேண்டிய தண்ணீர். அதன்மேலேயே நடந்து, அதைக் கொடுத்துவிடச் சொல்லும் உறைகளைச் சுமந்து போகிறோமே என்று நினைத்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கீழே பார்க்காமல் நடந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஓரின் நின்றிருந்தான். சாவிக்கொத்து இடுப்பில் தொங்கியது. கதவைத் திறக்கவில்லை.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா ஆர்டித்? இந்த வயசுல சர்க்கஸ் காட்டற!"

"கதவைத் திற, அப்புறம் திட்டு."

"பையில என்ன?"

"தபால்."

"என்ன தபால்னு கேக்கறேன்."

"என்ன தபால்னு நான் கேட்டதில்ல. உன் வீட்டுக்கு வந்ததையும் கேட்டதில்ல."

ஓரின் கம்பிக்கு அருகில் வந்தான். வெள்ள இரைச்சலில் கத்திப் பேச வேண்டியிருந்தது. "எத்தனை ஓட்டு இருக்கு அதுல? பத்தா? பன்னண்டா? இங்க பாரு, நான் உன்னை ஒன்னும் தப்பு செய்யச் சொல்லல. திரும்பிப் போ. கொரீன் வீட்ல சூப் குடிச்சுட்டுப் படுத்துக்கோ. காலையில வடிஞ்சிடும், ஜீப்பிலேயே வரலாம். ஆண்டவரே அனுப்பின வெள்ளம் இது. உன்னை யாரு குத்தம் சொல்லுவா?"

"வெள்ளத்தை ஆண்டவர் அனுப்பினார் ஓரின். பூட்டை நீதானே போட்ட."

அவன் முகம் சிவந்தது. "உன் மரத்தை நினைச்சுப் பாரு. டெல்வினை நினைச்சுப் பாரு. அந்தாளு அந்த முட்டியை வச்சுக்கிட்டு எத்தனை படி ஏறினாரு!"

"நினைக்காம வந்தேன்னு நினைச்சியா?" அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் திறக்காமல் போனால் நல்லது என்று அவள் மனத்தின் ஒரு மூலை அப்போதும் வேண்டிக்கொண்டிருந்தது. திறக்காவிட்டால் பழி அவனோடு போகும், மரங்கள் அவளுக்குத் தங்கும். அந்த மூலையை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"லாமரோட பேசி எத்தனை வருஷம் ஆச்சு உனக்கு?"

"அவன் பேச்சு இப்ப எதுக்கு?" லாமர், ஓரினின் தங்கையைக் கட்டி, அடித்துத் துரத்தியவன். "பதினேழு வருஷம்."

"அவன் முறை எப்போ?"

"செவ்வாக்கிழமை. காலையில ஆறு."

"பதினேழு வருஷத்துல ஒருநாள், ஒரே ஒருநாள், ஆறு அஞ்சுக்குத் திறந்திருக்கியா?"

ஓரின் வெள்ளத்தைப் பார்த்தான். ஒரு முழு மரம் வேரோடு உருண்டு போனது. அது குழாய்க்குக் கீழே இடிக்காமல் போகும்வரை இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்கள். பழக்கம் அப்படி. பிறகு ஓரின் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். பூட்டு துருப்பிடித்திருந்தது, இரண்டு முறை திருப்ப வேண்டியிருந்தது.

"ஏறுங்க சிஸ்டர் டோல்மன்" என்று தன் பிக்கப்பைக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மட்டும் கூப்பிடுகிற முறை அது. பள்ளியிலிருந்தே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் அதற்குப் பிறகு பேர் சொல்லவே இல்லை. ஊர் வரை ஒரு வார்த்தையும் பேசாமல் ஓட்டினான். நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தபால் நிலைய அம்மாள் பதினோரு உறைகளிலும் டக் டக் என்று முத்திரை குத்தினாள். ஒவ்வொன்றும் ஆர்டித்துக்கு நெஞ்சில் விழுந்தது.

வீட்டுக்குப் போய் டெல்வினிடம் அவளே சொன்னாள். வேறு வாயிலிருந்து அவர் கேட்கக் கூடாது. அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"குழாய் மேலயா நடந்து வந்த?"

"ஆமா."

"விழுந்திருந்தா?"

"விழல."

அவர் மறுபடி கத்தியை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவர் அவளோடு பேசவில்லை. நாற்பத்தொரு வருடக் கல்யாணத்தில் அவ்வளவு நீளமான மௌனம் அவளுக்குக் கிடைத்ததில்லை.

கொடுக்கலாம் என்பது ஐந்து ஓட்டில் ஜெயித்தது. ஐந்தையும் பதினொன்றையும் வைத்துக்கொண்டு கணக்குப் போடத் தெரியாதவர் ஊரில் யாருமில்லை. மளிகைக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. "ஒருநாள் லேட்டா வந்திருந்தா குடியா முழுகிப் போயிருக்கும்?" என்று ஒருத்தி முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே கேட்டாள், காதில் விழும்படியாகவே. ஆர்டித் திரும்பி, "உன் ஓட்டைப் பத்தி யாராவது அப்படிக் கேட்டிருந்தா சிரிச்சிருப்பியா?" என்றாள். பதில் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பத்தாம் நாள் காலையில் சுத்தியல் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். டெல்வின் வாசலில் நட்டிருந்த பச்சை அட்டையைப் பிடுங்கி, கோழிக்கொட்டகையின் வடக்குச் சுவரில் வைத்துப் பிடிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "அந்த முனையைப் பிடி" என்றார். பிடித்தாள். "நேராத்தானே இருக்கு?" என்றார். நேராகத்தான் இருந்தது.

விடுதி எழுந்தது. பாறைக்குக் கீழே நீலமாக ஒரு குளம், அதைச் சுற்றிப் பச்சைப் புல். கடைவீதியில் பள்ளத்தாக்கு மண்ணைப் பாட்டிலில் அடைத்து விற்றார்கள். ஆர்டித் அதையும் தபாலில் சுமந்தாள். மேட்டுக்குக் குழாய் மட்டும் இன்று நாளை என்று ஒன்றே முக்கால் வருடம் இழுத்தது. டோல்மன் வீட்டு முறை ஆறு மணி நேரம் மூன்றாகக் குறைந்தது. முதல் கோடையில் கீழ் வரிசை மரங்கள் இலை உதிர்த்தன. இரண்டாம் வசந்தத்தில் டெல்வின் ஆள் வைத்து எழுபது மரங்களை வெட்டினார். வெட்டும்போது வீட்டுக்குள் உட்கார்ந்து வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டார். ஆர்டித் வெளியே நின்று ஒவ்வொன்றும் சாய்வதைப் பார்த்தாள். தான் பார்க்காமல் இருப்பது நியாயமில்லை என்று அவளுக்குப் பட்டது.

அந்த ஜூலையில் ஒருநாள் மேட்டுக்குத் தபால் கொண்டுபோனாள். வழக்கமாகக் கொரீன் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு கூடை ஆப்ரிகாட் கொண்டுபோவாள். இந்தத் தடவை ஒரு காகிதப் பையில் அடங்கிவிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இரண்டு மாதமாகத் தண்ணீர்ப் பெட்டி எதுவும் வரவில்லை.

"உள்ள வாங்க, உள்ள வாங்க!" என்று கொரீன் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். சமையலறைத் தொட்டிமேல் புதுக் குழாய் மினுங்கியது. "ஓரின் டாண்ணு காலையில ஆறு மணிக்குத் திறந்துவிட்டுடறாரு. ஒரு நிமிஷம் தப்பறதில்ல." பையைத் திறந்து பார்த்தவள், "என்ன, இந்த வருஷம் இவ்வளவுதானா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மேட்டுக்காரர்கள் ஊருக்குள் யார் தோட்டத்துக்கும் போவதில்லை.

"காய்ப்பு கம்மி" என்றாள் ஆர்டித்.

கொரீன் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கழுவி, குழாயைத் திறந்து, வழிய வழியப் பிடித்துக் கொடுத்தாள். சின்னவன் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்ளர் வெளியே வியர்த்திருந்தது. ஆர்டித் ஒரு வாய் குடித்தாள். கல் வாசமும் கொஞ்சம் இரும்பும். மண்வெட்டியோடு மடையில் நின்று நாற்பது வருடம் கையால் அள்ளிக் குடித்த அதே ருசி. பாதியில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. வைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் கொரீன்.

"நல்லா இருக்கு" என்றாள் ஆர்டித். உண்மையாகவே நன்றாக இருந்தது. தம்ளரை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் பிடி."